புல்லட்டுக்கு பொறந்த நாள் எப்போ?

போன ஞாயித்துக்கிழமை எங்க தண்டையார்பேட்டை மெக்கானிக் கடையில ஒரே ரகளை. விக்க வந்தவர், "சார், இது 68 மாடல் புல்லட்"ங்கிறார். வாங்க வந்தவர் ஆர்.சி. புக்கைக் காட்டி, "இன்னாண்ணே, ரெஜிஸ்டர் ஆனதே 1974-லன்னு போட்டிருக்கே?"ங்கிறார். தயாரிப்பு வருஷம் எழுதின இடத்துல மை அழிஞ்சு போயிருந்தது. பேரம் முறிஞ்சு போச்சு.

எனக்கு சிரிப்புதான் வந்தது. 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனி பக்கத்துலயே, திருவொற்றியூர்ல. கூப்பிடு தூரத்துல பொறந்த வண்டிக்கு பொறந்த தேதி தெரியல!

இதுல ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். பதிவு தேதி வேற, தயாரிப்பு தேதி வேற. ராணுவத்துல ஓடி, அப்புறம் ஏலத்துல வெளிய வந்த வண்டின்னா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு பல வருஷம் கழிச்சுதான் நடக்கும். ஆனா "இருக்கலாம்"கிறதுக்கு யாரும் காசு தரமாட்டாங்க. ஆதாரம் வேணும்.

அமெரிக்காக்காரன் இதுல கில்லாடி. 1969 கமாரோ காரோட இன்ஜின் பிளாக்குல வார்ப்பு தேதி இருக்கும். ஏ-ன்னா ஜனவரி, எல்-ன்னா டிசம்பர். அடுத்து நாள், கடைசியா வருஷத்தோட கடைசி இலக்கம். 'சி 12 9'னா 1969 மார்ச் 12. கார் பூட்டின தேதிக்கு அப்புறம் வார்த்த பிளாக் உள்ள இருந்தா, இன்ஜின் மாத்தினதுன்னு அர்த்தம். ஃபோர்டு கார்னா, 1967-லேர்ந்து உள்ள தயாரிப்புப் பதிவுகளைப் பார்த்து அறிக்கையே குடுக்கறாங்க.

நாம என்ன பண்றோம்? டேங்க்ல பழைய பேட்ஜ் ஒட்டிட்டு "ஒரிஜினல்"ங்கிறோம். நானும்தான். எங்கப்பா வண்டியில இன்ஜின் கேஸ் மாத்தினது, பில் கூட வைக்கல. பல வருஷம் அதை ஒரிஜினல்னு பீத்திக்கிட்டு திரிஞ்சேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

இன்னொரு விஷயம். 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டின டூவீலரும் காரும் விண்டேஜ். சேஸிஸ், இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 'வி.ஏ.' எழுத்தோட தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது. கணக்கு பதிவு தேதியிலதான்! அப்போ அந்த 1974 வண்டி 2024-லயே 50 தாண்டிடுச்சு. 68-ன்னு கதை விட வேண்டிய அவசியமே இல்ல.

அதனால வயசைக் கூட்டாதீங்க. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் உரசி, திரும்ப குத்தவே குத்தாதீங்க. ஒரு நோட்டு போட்டு எந்த பார்ட் எப்ப மாத்தினோம்னு எழுதுங்க. மாத்தின வண்டி மட்டம் இல்ல. மறைச்ச வண்டிதான் மட்டம்.

சரி, உங்க வீட்டு புல்லட்டுக்கு வயசு என்ன?