பூட்டை உடைப்பது பரிகாரமாகுமா?

ஒரு பொருளைப் பலர் கூடிப் பயன்கொள்ளுதல் சிக்கனத்துக்கு மட்டுமன்றிக் கூடிவாழும் பண்புக்கும் துணையாவதாம். கணினிகளைப் பிணைக்கும் கலை வளர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம். அமெரிக்க நாட்டில், பாலோ ஆல்டோ என்னும் ஊரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபர்ட் மெட்காப் என்பார் ஈதர்நெட் என்னும் பிணைப்புமுறையை வகுத்தெழுதினார். அங்கிருந்த கணினிகள் பலவும் லேசர் அச்சுப்பொறி ஒன்றைப் பொதுவிற் கொண்டு வழங்குதல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஐந்து கணினியும் ஓர் அச்சுப்பொறியும் உடைய நம் சிற்றலுவலகங்கள் யாவும் அம்மரபின் வழிவந்தனவே.

இங்ஙனம் பொதுவில் வைத்த அச்சுப்பொறி ஒருநாள் திடீரென வேலைசெய்ய மறுக்கின்றது. அல்லது பொதுக் கோப்புறை, அனுமதி இல்லையென்று அறிவிக்கின்றது. அலுவலகத்தார் திகைத்து, இளைஞர் இவற்றை அறிவர் என்று கருதி, நம்மனோரில் ஒருவரை அழைக்கின்றனர். அவர் செய்வது யாது? பயர்வால் என்னும் காவலை நிறுத்துகின்றார். கடவுச்சொல் வேண்டும் என்னும் விதியை நீக்குகின்றார். கோப்புறையை எல்லார்க்கும் முழுவுரிமையோடு திறந்துவிடுகின்றார். அச்சுப்பொறி ஓடத் தொடங்குகின்றது. காபியும் வருகின்றது, பாராட்டும் வருகின்றது. ஆயினும், இது பரிகாரமன்று, பூட்டை உடைத்தலே என்பது என் துணிபு.

இதற்குச் சான்று இரண்டு காட்டுவேன். விண்டோஸ் கணினிகள் கோப்பும் அச்சுப்பொறியும் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்பது பெயர். அதன் முதற்பதிப்பில் காணப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2017 மார்ச்சு மாதத்தில் வெளியிட்டனர். அதனை ஏற்காத கணினிகள் பல. அவ்வாண்டு மே 12-ஆம் நாள், வான்னாக்ரை என்னும் தீநிரல் அவ்வோட்டை வழியே கணினிக்குக் கணினி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பில் 236 பிரிவுகளுள் ஏறத்தாழ 80 அதனால் இடர்ப்பட்டன. நோயாளர் பலர்க்குக் குறித்த சிகிச்சை நாள்கள் தவறின. விண்டோஸ் 10-இன் 2017 அக்டோபர்ப் பதிப்பு முதல், புதிதாக நிறுவுங்கால் அம்முதற்பதிப்பு சேர்க்கப்படுவதில்லை. ஆயினும், பழைய கருவியொன்றன் பொருட்டு அதனை மீண்டும் எழுப்புவோர் உளர்!

மற்றொன்று: கணினிக்கும் பொது அச்சுப்பொறிக்கும் இடையே நிகழும் செய்திப் போக்கைக் காக்கும் ஏற்பாடு 2021 செப்டம்பரில் கட்டாயமாக்கப்பட்டது. உடனே பல அலுவலகங்களில் அச்சு நின்று, திரையில் 11பி என முடியும் பிழையெண் தோன்றிற்று. திருத்தத்தையே அகற்றுதலும், ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணைப் பூச்சியமாக்கி அக்காவலை அணைத்தலும் பலர் கைக்கொண்ட வழிகள். பகிரும் கணினி, பகிர்வு பெறும் கணினி ஆகிய இரண்டிலும் திருத்தத்தை நிறைவுறச் சேர்த்தலே நேரிய வழி.

அங்ஙனமாயின், முறையான ஆராய்ச்சி யாது? அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குச் செல்லுதலே. அச்சுப்பொறி எக்கணினியோடு இணைக்கப்பட்டுள்ளதோ, முதற்கண் அதிலிருந்தே ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க. அங்கே வாராதது பிறிதோரிடத்தினின்று வருதல் யாங்ஙனம்? வரிசையில் சிக்கிய ஒரே கோப்பு, பின்வருவன அனைத்தையும் தடுத்து நிற்றல் உண்டு. அக்கணினி உறங்கிக் கிடப்பினும் ஏனையோர்க்கு அச்சில்லை.

அடுத்து, இரு கணினிகளும் ஒரே பிணையத்தில் உள்ளனவா என்று காண்க. ஒன்று விருந்தினர்க்கென ஒதுக்கிய வைபையிற் சேர்ந்திருத்தல் கூடும். முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், அது ரூட்டரிடமிருந்து முகவரி பெறவில்லை என்று அறிக. பெயரால் அழைத்தால் கிட்டாத கணினி எண்முகவரியால் அழைத்தால் கிட்டுமாயின், குற்றம் பெயரறியும் வழியிலேயே உளது. அதற்குக் காவலை நீக்குதல் மருந்தன்று. எண்முகவரி அடிக்கடி மாறுமாயின், ரூட்டரில் அதனை நிலையாக ஒதுக்குக.

பின்னர், விண்டோஸ் அப்பிணையத்தைத் தனியிடம் என்று கொண்டதோ, பொதுவிடம் என்று கொண்டதோ என நோக்குக. பொதுவிடம் என்று கொண்டால் அது பகிர்வுக்கு இடங்கொடாது. அலுவலகப் பிணையத்தைத் தனியிடம் எனக் குறித்தலே போதும். பயர்வாலை முற்றும் நிறுத்த வேண்டுவதில்லை. இறுதியில், உரிமையை ஆராய்க. பகிர்வுக்குரிய அனுமதி ஒன்று, கோப்புறைக்குரிய அனுமதி மற்றொன்று. இரண்டனுள் இறுக்கமானதே செல்லும். கடவுச்சொல் இல்லாத கணக்கைப் பிணையத்தின் வழியே விண்டோஸ் இயல்பாக ஏற்பதில்லை என்பதும், நான்கெண் கொண்ட பின் கடவுச்சொல்லுக்கு ஈடாகாது என்பதும் பலர் அறியாதன.

"சிற்றலுவலகத்திற் களவாட என்ன உளது?" என்று வினவுவார் உளர். அங்கே சம்பளக் கணக்கு உண்டு. மாணவர் மதிப்பெண் உண்டு. நம்மை நம்பி எழுதிக்கொடுத்தோர் முகவரியும் தொலைபேசி எண்ணும் உண்டு. கதவைத் திறந்தவன் ஒருவன், இழப்பவர் பிறர். மேலும், அலுவலர் ஒருவர் அறியாது திறந்த ஒரு மின்னஞ்சல், எல்லார்க்கும் எழுதுமுரிமை அளித்த கோப்புறையை ஒரு நாழிகையில் அழிக்கவல்லது. எனவே, படித்தலே போதுமானவர்க்குப் படிக்கும் உரிமையையும், திருத்த வேண்டியவர்க்கு மட்டும் எழுதும் உரிமையையும் அளித்தல் வேண்டும்.

விரைவு வேண்டும் என்பாரையும் யான் பழிக்கவில்லை. ஓர் அவசரக் கடிதம் அச்சாகாது நிற்குங்கால், பொறுமையைப் போதித்தல் எளிதன்று. அப்பொழுது அக்கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துச்சென்று அச்சிட்டு, பின்பு அமைதியாக ஆராய்க. எதை மாற்றினோம், எப்பொழுது மாற்றினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலுவலகத்திலேயே வைத்தல் நன்று. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. பயன் தராத மாற்றத்தை மீண்டும் பழையபடி ஆக்குக.

உதவி கேட்டு அழைப்பவர் நம் கையில் தம் அலுவலகத்தின் திறவுகோலையே தருகின்றார். அச்சுப்பொறி ஓடியதா என்பதோடு, வந்தபோது மூடியிருந்த கதவுகள் போகும்போதும் மூடியுள்ளனவா என்பதையும் நோக்குதல் கற்றவர் கடன்.