பழைய சீடியும் பழைய வீடும்

டூம், குவேக், ஹாஃப்-லைஃப் சீடிகளை இன்னும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிற அப்பாமார் எங்களுக்குள் நிறையப் பேர். பிள்ளைகளுக்குக் காட்டுவம் என்று எடுத்துப் போட்டால், ஒன்றில் இன்ஸ்டாலே திறக்காது, இல்லாவிட்டால் ஒரு கறுப்புத் திரை வந்துவிட்டு மறைந்துவிடும். "இது இனி ஓடாதோ?" என்பது இந்தப் பத்திக்கு அடிக்கடி வருகிற கேள்வி. ஓடும். ஆனால் ஏன் ஓடவில்லை என்று விளங்கினால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

முதலாவது, இன்ஸ்டாலர். 90களின் பிற்பகுதியில் வந்த பல விளையாட்டுகள் 32 பிட். ஆனால் அவற்றை நிறுவுகிற சின்ன நிரல் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடாது. வீடு நல்லாத்தான் இருக்கு, படலையின் திறப்புத்தான் பொருந்தவில்லை.

இரண்டாவது, சீடிப் பூட்டு. கள்ளக் கொப்பியைத் தடுக்க சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகளைப் போட்டிருந்தார்கள். அது விண்டோஸின் அடிமட்டம் வரை போய் வேலை செய்யும். பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அந்தப் பழைய இயக்கியைத் திரும்ப உள்ளே போடச் சொல்லி யாரும் யோசனை சொன்னால் கேளாதேங்கோ. அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் திறக்கிறது.

மூன்றாவது, கிராபிக்ஸ். குவேக் வழிவந்த விளையாட்டுகள் தொடங்கும்போது, "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கிராபிக்ஸ் கார்டைக் கேட்கும். அந்த நாளில் பதில் நாலு வரி. இன்றைய கார்டு நூற்றுக்கணக்கான பெயர்களை அடுக்கும். நாலு வரிக்கென்று ஒதுக்கிய இடத்தில் அது கொள்ளாது, விளையாட்டு விழுந்துவிடும். உங்கள் கணினி பலவீனம் என்பதால் அல்ல, பலம் கூடிப்போனதால் வருகிற பிரச்சினை இது.

இதற்கெல்லாம் சுலபமான வழி, அதே விளையாட்டை ஸ்டீமிலோ ஜி.ஓ.ஜி.யிலோ திரும்ப வாங்குவது. தள்ளுபடி நாட்களில் ஒரு கோப்பிக் காசு கூட வராது. பூட்டும் இல்லை, பழைய இன்ஸ்டாலரும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டில் படங்கள், சத்தங்கள், மேப்கள் எல்லாம் 'வாட்' என்ற ஒரே கோப்புக்குள் தனியாக இருக்கும். அதை ஓட்டுகிற எஞ்சின் வேறு. ஐடி சொஃப்ட்வெயர் நிறுவனம் 1997 டிசம்பரில் அந்த எஞ்சினின் மூல நிரலை வெளியிட்டது. 1999இல் குவேக்கின் மூல நிரலும் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஆர்வலர்கள் புது எஞ்சின்களைச் செய்தார்கள். அகலத் திரை, புதுக் கிராபிக்ஸ் எல்லாம் வேண்டுமென்றால் ஜிஇசட்-டூம். அந்தக் காலத்தில் பார்த்தபடியே வேண்டுமென்றால் சொக்லேட் டூம். உங்கள் சீடியில் இருக்கிற வாட் கோப்பை அதற்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

எங்கள் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு கோபுரம் நிற்கும். ஒரு காலத்தில் லண்டனின் மிக அவலட்சணமான கட்டடம் என்று பெயர் வாங்கியது. இடிக்கவில்லை. எலும்புக்கூட்டை அப்படியே வைத்து, வெளித்தோலை மாற்றி, பிரிட்டானியா பொயின்ட் என்று பெயரும் வைத்து ஆட்களைக் குடிவைத்திருக்கிறார்கள். புது எஞ்சின் செய்வதும் இதே வேலைதான்.

ஹாஃப்-லைஃப் கதை கொஞ்சம் வேறு. 1998இல் குவேக் எஞ்சினை மாற்றியமைத்துச் செய்தது அது. வால்வ் நிறுவனம் எஞ்சினின் மூல நிரலைத் திறந்து விடவில்லை, ஆனால் கைவிடவும் இல்லை. 25ஆவது ஆண்டுக்காக 2023 நவம்பரில் அகலத் திரைக்கு ஏற்றபடி புதுப்பித்துத் தந்தது. புதுப்பதிப்பில் ஒரு பழைய மொட் ஓடவில்லை என்றால், ஸ்டீமில் அந்த விளையாட்டின் 'பீட்டா' பட்டியலுக்குள் முந்தைய பதிப்பும் இருக்கிறது. மக் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிரமம். 2019இல் அப்பிள் 32 பிட் நிரல்களை நிறுத்தியதோடு அதுவும் நின்றுவிட்டது. அவர்கள் எக்ஸாஷ்-3டி என்ற மாற்று எஞ்சினைப் பார்க்கலாம். அதற்கும் அசல் கோப்புகள் வேண்டும்.

இதுவரை சொன்னது கடையில் திரும்ப வாங்கக்கூடியவற்றைப் பற்றி. வாங்க முடியாதவையும் உண்டு. அவை நாங்களே செய்த மேப்களும் மொட்களும். ஹாஃப்-லைஃப் சீடிக்குள்ளேயே வேர்ல்ட்கிராஃப்ட் என்ற மேப் செய்யும் கருவி இருந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் கூட 1999இல் இரண்டு பேர் ஹாஃப்-லைஃபுக்குச் செய்த மொட் ஆகத்தான் தொடங்கியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பெடியள் தங்கள் பள்ளிக்கூடத்தை, தெருவைக் கட்டிப் பார்த்தார்கள். அவற்றை எந்தக் கடையும் விற்கப் போவதில்லை.

போன மாசி மாதம் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அண்ணை ஒரு சீடியைக் கொண்டுவந்தார். பேனையால் 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. "தம்பி செய்தது. 2001இல வெள்ளவத்தையில இருக்கேக்க. இது இப்ப ஓடுமோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றார்.

அவர்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கனகாலத்துக்குப் பிறகு விடுபட்டபோது வீடு இருக்கவில்லை. அத்திவாரமும் ஒரு வேம்பும்தான். வெளிக்கிட்ட அன்றைக்கு அல்பம் எடுத்து வரவில்லை, அதனால் வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றும் கிடையாது. வெளிக்கிடும்போது பத்து வயதாக இருந்த தம்பி, பதினொரு வருஷம் கழித்து, நினைவில் இருந்தபடி அந்த வீட்டை மேப் ஆகக் கட்டியிருக்கிறார். அவர் இப்போது ஸ்காபரோவில். அவரிடமும் வேறு கொப்பி இல்லை.

முதல் வேலை, சீடியை முழுதாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைப்பது. என் யுஎஸ்பி ட்ரைவில் பாதியில் நின்றது. வீட்டில் எழுதிய சீடிகளின் சாயம் காலத்தோடு மங்கும். ஆனால் ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். வேறொரு பழைய மடிக்கணினியில் மெதுவாக, முழுதாக வந்தது.

உள்ளே மூன்று வகைக் கோப்புகள். ஓடுகிற மேப்பான பிஎஸ்பி. சுவர், நிலப் படங்கள் இருக்கிற வாட் (டூமின் வாட் அல்ல, பெயர்தான் ஒன்று). திருத்தக்கூடிய மூலமான ஆர்எம்எஃப். பிஎஸ்பியை மட்டும் ஹாஃப்-லைஃபின் 'வால்வ்' கோப்புறைக்குள் 'மேப்ஸ்' பகுதியில் போட்டால், வாட் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். வாட்டை 'வால்வ்' கோப்புறைக்குள்ளேயே போட வேண்டும். பிறகு கொன்சோலைத் திறந்து மேப்பின் பெயரைச் சொன்னதும் வந்தது: ஓட்டுக் கூரை, விறாந்தை, சிவப்புச் சீமெந்து நிலம்.

இந்த வகையில் திறக்கும்போது கையில் துவக்கு இருக்காது. வெறுமனே நடக்கலாம். அண்ணை எண்பது கடந்த தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினார். வயதானவர்களுக்கு இந்தப் பார்வை தலைசுற்றும், அதனால் மவுஸ் வேகத்தைக் குறைத்து, மெல்ல நடத்தினோம். அம்மா விறாந்தையில் ஒன்றும் கதைக்கவில்லை. பின்பக்கம் போனதும், "கிணத்தடி இந்தப் பக்கம் இல்லை மோனை. குசினி வாசலுக்கு நேர. அவன் சின்னப் பெடியன், மறந்துபோனான்" என்றார். பிறகு ஒவ்வொரு அறையாகச் சொல்லச் சொல்ல அண்ணை எழுதிக்கொண்டார். ஆர்எம்எஃப் இருந்ததால் தம்பி ஸ்காபரோவில் 'ஜாக்' என்ற இன்றைய மேப் கருவியில் அதைத் திறந்து திருத்துகிறார். பிஎஸ்பி மட்டும் மிஞ்சியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடியாது.

ஆகவே, இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது இதுதான். கடைச் சீடிகளைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, அவை திரும்பக் கிடைக்கும். கையால் பெயர் எழுதிய சீடிகளை முதலில் தேடுங்கோ. அதிலேயே வைத்து விளையாடிப் பார்க்காமல் முதலில் ஐஎஸ்ஓ எடுங்கோ. பிஎஸ்பி, வாட், ஆர்எம்எஃப், மேப் என்று முடிகிற கோப்புகளில் ஒன்றையும் அழிக்காதேங்கோ. இரண்டு கொப்பி வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். செய்தவர் யார், எந்த வருஷம், எந்த இடத்தைச் செய்தார் என்று ஒரு சின்னக் குறிப்பையும் கூடவே எழுதி வையுங்கோ. மேப்பில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லக்கூடிய ஆட்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களை இருத்திக் காட்டுங்கோ.

சீடி ட்ரைவ் இல்லாதவர்கள் கோலியர்ஸ் வுட் பக்கம் என்றால் சொல்லுங்கோ, என்னிடம் இரண்டு இருக்கு. இரவல் தரலாம்.