தொம்யாம் கடையும் 'அசல்' என்ற சொல்லும்

மலேசியாவில் எந்தக் குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும், பொழுது சாய்ந்த பின் ஒரு தொம்யாம் கடையில் கூட்டம் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், தொலைக்காட்சியில் காற்பந்து, பின்கட்டில் சீறி எரியும் அடுப்பு, முன்னும் பின்னும் பெயர்கள் நிறைந்த நீளமான உணவுப் பட்டியல். சனிக்கிழமை இரவு சமைக்க விருப்பமில்லாத குடும்பங்கள் பல அங்கேதான் போகின்றன. அதே குடும்பங்களின் இளையோர் சிலர் ஒரு குறை சொல்வதுண்டு: "இது அசல் தாய் உணவு இல்லை. அசல் வேண்டுமென்றால் பேரங்காடியில் இருக்கும் உணவகத்துக்குத்தான் போக வேண்டும்." கேட்பதற்கு அறிவார்ந்த பேச்சாகத் தோன்றும் இந்தக் குறை, உண்மையில் பொருந்தாதது.

அங்கே சமைப்பவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொம்யாம் கடைச் சமையல்காரர்களுள் பெரும்பாலோர் தாய்லாந்தின் தென்கோடியிலுள்ள பத்தானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களிலிருந்து வருபவர்கள். கையில் இருப்பது தாய்லாந்துக் கடப்பிதழ். வீட்டில் பேசுவது மலாய். 1909ஆம் ஆண்டு பிரிட்டனும் சயாமும் உடன்படிக்கை செய்துகொண்டபோது கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகியவை பிரிட்டனின் பக்கம் வந்தன; பழைய பத்தானி அரசின் பகுதிகள் சயாமிடமே இருந்தன. கிளந்தானுக்கும் நராத்திவாட்டுக்கும் இடையே ஓடும் கோலோக் ஆறு எல்லையானது. எல்லை வந்ததால் உறவு அறுந்துவிடவில்லை. அக்கரையில் அக்காள் இருப்பார். இக்கரையில் தங்கை கடை நடத்துவார். இவர்கள் சமைப்பது தாய் உணவு இல்லை என்றால், தாய்லாந்து பாங்காக்கோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பொருள்.

உணவுப் பட்டியலைப் பார்த்தால் குழப்பம் வருவது இயல்பே. 'நாசி கோரேங் பட்டாயா' என்பது மெல்லிய முட்டை அடையால் பொதிந்த பொரித்த சோறு. பட்டாயா தாய்லாந்தின் கடற்கரை நகரம். ஆனால் இந்தச் சோறு மலேசியாவில் உருவானதாகவே கருதப்படுகிறது. மிளகாயோடு வதக்கியது எனப் பொருள்படும் 'பட் பிரிக்' என்ற தாய்ச்சொல் இங்கே 'பாப்ரிக்' ஆகி, சற்று இனிப்பும் சாறும் கொண்ட தனி உணவாகவே மாறிவிட்டது. பாங்காக்கிலிருந்து வரும் ஒருவருக்கு இது அடையாளம் தெரியாமல் போகலாம். சமையல்காரருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரே மேசையில் காரம் தாங்காத குழந்தையும் இருக்கும். காரம் குறைந்தால் முகம் சுளிக்கும் மாமாவும் இருப்பார். இருவருக்கும் அவர் சமைத்தாக வேண்டும். வந்தவரின் நாக்கை அறிந்து சமைப்பது ஏமாற்று வேலை அன்று. அதுதான் தொழில்.

தாய்லாந்திலேயே 'அசல்' என்பது அசையாமல் நின்றதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். உலகமே தாய் உணவின் அடையாளமாகக் கருதும் 'பட் தாய்', 1930களின் இறுதியிலும் 1940களிலும் பிரதமர் பிபூன் சொங்கிராம் ஆட்சியில் தேசிய உணவாகப் பரப்பப்பட்டது. அதிலுள்ள அரிசி மீயும், வாணலியில் கிளறும் முறையும் சீனர்களிடமிருந்து வந்தவை. 2002ஆம் ஆண்டில், வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்குவதற்கு அந்நாட்டு அரசே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பேரங்காடி உணவகத்தின் பட்டியலும் அயல்நாட்டாரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம் என்பதை 'அசல்' தேடுபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழ் மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ளத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாமாக் கடை மீ கோரேங்கைத் தமிழ்நாட்டின் எந்த ஊரில் தேடுவது? சீனரின் மஞ்சள் மீயும் தௌஹூவும் இந்திய முஸ்லிம் சமையல்காரரின் மிளகாய் விழுதோடு ஒரே வாணலியில் சேர்ந்ததால் பிறந்த உணவு அது. சிங்கப்பூரின் மீன் தலைக் கறியும் அப்படியே. மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காகக் கேரளக் கைமணத்தில் உருவானது. இவற்றை யாராவது போலி என்று சொன்னால் மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது என்றால், தொம்யாம் கடைக்காரருக்கும் அதே நியாயம் உண்டு.

அங்கே உட்கார்ந்து உண்பதில் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது. 'தொம்' என்றால் கொதிக்க வைப்பது. 'யாம்' என்றால் புளிப்பும் காரமும் சேர்ந்த கலவை. இறால் சேர்த்த 'தொம்யாம் குங்' 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எலுமிச்சைப் புல், லெங்குவாஸ் எனப்படும் அரத்தை, லீமாவ் பூருட் இலை ஆகிய மூன்றும் அதன் உயிர். இவை மணத்துக்காகப் போடப்படுபவை. மென்று தின்பதற்கு அல்ல. முதன்முறை உண்பவர் அரத்தைத் துண்டைக் கடித்துவிட்டு விழிப்பது இந்தக் கடைகளில் அடிக்கடி காணக்கூடிய வேடிக்கை. இருமலுக்குப் பாட்டி தரும் சித்தரத்தை இதன் நெருங்கிய உறவு. தாய்லாந்துப் பச்சைக் கறியில் பட்டாணிபோல் மிதக்கும் கசப்புக்காய் வேறெதுவும் இல்லை, சுண்டைக்காய்தான். தமிழர் வீட்டில் வெயிலில் காய்ந்து வற்றலாகும் காய், அங்கே தேங்காய்ப்பாலில் பச்சையாகவே வேகிறது.

உண்ணும் முறையும் கவனிக்கத்தக்கது. ஆளுக்கொரு தட்டுச் சோறு. மற்றவை எல்லாம் நடுவில் பொது. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி உணவைக் கரண்டிக்குத் தள்ளித் தருமே தவிர வாய்க்குப் போகாது. சிறிது எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்த வேண்டும். செயலி வழியாக வரவழைத்து, ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்து உண்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை. சூப்பும் ஆறிப்போய்த்தான் வருகிறது. (சைவ உணவு உண்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கீரைப் பொரியலில்கூடப் பெலாச்சானோ மீன் சாறோ சிப்பிச் சாறோ இருக்கக்கூடும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சூப்பின் சாறு எதிலிருந்து எடுத்தது என விசாரிக்கலாம். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

எல்லாத் தொம்யாம் கடைகளும் நன்றாகச் சமைக்கின்றன என்று சொல்ல முடியாது. எலுமிச்சைப் புல்லை நசுக்கச் சோம்பல்பட்டு, டப்பாவிலிருந்து விழுதை அள்ளிப் போடும் கடைகள் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே இனிப்புச் சாற்றை ஊற்றும் கடைகளும் உண்டு. அவற்றைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது சமையலைப் பற்றிய குறை. சமையல்காரரின் ஊரையும் பேச்சையும் வைத்துச் சொல்லும் குறை வேறு.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அன்று. தென்தாய்லாந்தில் வருமானம் குறைவு. 2004ஆம் ஆண்டிலிருந்து அங்கே வன்முறையும் ஓய்ந்தபாடில்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டி வருபவர்களுள் பலர் முறையான வேலை உரிமம் இல்லாமலே அடுப்படியில் நிற்கிறார்கள். சம்பளம் தராமல் முதலாளி இழுத்தடித்தாலும், எண்ணெய் தெறித்துக் கை வெந்தாலும் அவர்களால் புகார் செய்ய முடிவதில்லை. சட்டத்தை மீறுவது சரியன்று. கடை முதலாளிகள் தொழிலாளர்களுக்கு உரிமம் எடுத்தே ஆகவேண்டும். அதே வேளையில், சிறு கடைக்காரர்களுக்கு எட்டும் கட்டணத்திலும் எளிய நடைமுறையிலும் அந்த உரிமம் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. 'எளிய கடை, மலிவு உணவு' என்று ஒரு தொழிலைக் குறைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கும்வரை, அப்படிக் கேட்பதற்குக்கூட யாரும் முன்வருவதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து எல்லை மூடப்பட்டபோது, தொம்யாம் கடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். எல்லை வழக்கம்போல் திறக்க 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பல கடைகளின் அடுப்பு அணைந்துவிட்டது. இப்போதும் நோன்புப் பெருநாள் நெருங்கும்போது, கடையின் இரும்புக் கதவில் 'விடுமுறை' என்று எழுதிய தாள் ஒட்டப்படுகிறது. சமையல்காரர்கள் பைகளோடு ரந்தாவ் பாஞ்சாங் வழியாக ஆற்றைக் கடக்கிறார்கள். இங்கே, வாணலிச் சத்தம் இல்லாத அந்தத் தெருவில், கதவு வரை வந்து தாளைப் படித்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கலாம். 'அசல் இல்லை' என்று சொன்ன பிள்ளைகளும் அவர்களோடுதான் வந்திருப்பார்கள்.