மாக்கோதைக் காசும் வட்டத்தில் சுழலும் காலக்கணிப்பும்

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டத்தில் சோழர், போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ‘குலோத்துங்க சோழன்’ என்னும் பெயர் மட்டுமே எஞ்சியிருப்பின், அதற்கு ஆண்டு குறிக்க ஆய்வாளர் எவரும் துணியார். அப்பெயருடையோர் மூவர், மெய்க்கீர்த்தியோ ஆட்சியாண்டோ பிற சான்றோ வேண்டும். கல்லுக்குக் காட்டும் இக்கண்டிப்பு காசுக்கு மட்டும் தளர்வது ஏன்?

கரூர் அமராவதி ஆற்றுப்படுகைக் காசுகளுள் தலையுருவமும் ‘மாக்கோதை’ என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தும் கொண்ட வெள்ளிக்காசு புகழ்பெற்றது. இவனே புறநானூற்று 245ஆம் பாடலைப் பாடிய சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை எனக் கொண்டு, பாட்டால் காசுக்கும் காசால் பாட்டுக்கும் காலம் வகுப்போர் உளர். இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இரண்டையும் தாங்க நிலமில்லை. கோதை என்பது சேரர் பலர்க்கும் உரிய பெயர். ‘குட்டுவன் கோதை’ என்று பொறித்த காசும் கிடைத்துள்ளமை இங்கு மறக்கப்படுகின்றது.

தலையுருவம் உரோமக் காசைப் பார்த்து அமைந்தது, ஆதலின் கி.பி. முதல் நூற்றாண்டு என்பது அடுத்த வாதம். இது பாதியே உண்மை. 1891இல் பெங்களூர் யசுவந்தபுரத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் காலத்து வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. புதையலின் இறுதிக்காசு, அதற்கு முன் அது புதைக்கப்படவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும். எத்துணை ஆண்டு பின் என்பதை உணர்த்தாது. கி.பி. 64இல் நீரோ காசின் வெள்ளியைக் குறைத்தபின், தூய பழங்காசுகளே அயல்வணிகத்தில் விரும்பப்பட்டன என்பர். அவ்வாறாயின் மாதிரிக்காசு அடிக்கப்பட்ட காலம் வேறு. அது சேரநாட்டில் புழங்கிய காலம் வேறு.

இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் காசாய்வு நோக்கத்தக்கது. ஏறத்தாழ 973இல் எட்கர் செய்த சீர்திருத்தத்திற்குப் பின், அரசன் பெயருடன் காசடித்தவன் பெயரும் ஊரும் அங்கே காசிலேயே உண்டு. ஸ்காண்டிநேவியப் புதையல்களும் துணைநின்றன. இவற்றைக் கொண்டு மைக்கேல் டாலி, காசுவகை ஆறாண்டுக்கு ஒருமுறை மாறியது என்றார். அத்துணைச் சான்றிருந்தும் அக்கோட்பாட்டைப் பின்வந்தோர் மறுத்தும் திருத்தியும் எழுதினர். ஆற்றுமணலில் சலித்தெடுத்து வணிகர் கைமாறிய கரூர்க் காசுகளுக்கு மண்ணடுக்குச் சான்றே இல்லை. ஆயினும் ஆண்டு சொல்வதில் தயக்கமும் இல்லை!

ஒரே அச்சில் அடித்த காசுகளை இனங்கண்டு வரிசைப்படுத்தி, தேய்மானத்தையும் உலோகக் கலவையையும் ஒப்பிடும்வரை, மாக்கோதைக் காசுக்கு எழுத்தமைதி தரும் பரந்த எல்லையையே எழுதவேண்டும். புறம் 245இன் காலத்தை அக்காசின்றியே நிறுவவேண்டும்.