ஜவ்வாது மலையில் கரி உண்டா?

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் பூகோள பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். இந்தியப் படத்தை மாட்டி, ராணிகஞ்ச், ஜாரியா, சிங்கரேணி என்று கரும்புள்ளிகளைப் பிரம்பால் தொட்டுக் காட்டியபோது, விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். (நம் ஜவ்வாது மலைவாசிகளுக்கு மலையாளி என்று பெயர், கேரள தேசத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அவனுடைய ஊர்.

"ஐயா, எங்கள் மலையைத் தோண்டினால் கரி கிடைக்குமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொன்னால் நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பையன் உட்காரவில்லை.

"கிடைத்தால் எங்கள் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போகாமல் இருக்கலாமே, ஐயா" என்றான்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த மலையின் சாமையும் தேனும் புளியும் பலாவும் பெயர் பெற்றவை. ஆயினும் அவற்றைக் கொண்டு வருஷம் முழுவதும் அடுப்பெரிப்பது கடினம். அறுவடை முடிந்ததும் ஆண்பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய் மலையிறங்கிக் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூர்ப் பக்கத்துக்கும் போகிறார்கள். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி, சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸார் இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்களே, மாண்டவர்களில் இந்த மலைப் பக்கத்தாரும் இருந்தார்கள். வேலைக்குப் போன அண்ணன் எப்போது திரும்புவான் என்பது நம் விடுதிப் பிள்ளைகளுக்கு வெறும் பேச்சன்று.

ஆகவே பையனுக்கு ஒழுங்காகவே பதில் சொன்னோம். ஜவ்வாது மலையில் கரி கிடையாது, கிடைக்கவும் இடமில்லை. கரி என்பது புதையுண்ட மரம். இம்மலையின் பாறையோ பூமி இளமையாயிருந்தபோது உருவானது. அதன் வயதை இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் கணக்கிடுகிறார்கள். அக்காலத்தில் நிலத்தின்மேல் மரமும் இல்லை, புல்லும் இல்லை. மரமே பிறக்காத யுகத்துப் பாறையில் மரக்கரியைத் தேடுவதெப்படி? ஆனால் இதே தமிழ்நாட்டில், நமக்குத் தென்கிழக்கே, கடலூர் ஜில்லாவில் கரி உண்டு. அந்தக் கதையை அன்றைக்கு மணி அடிக்கும்வரை சொன்னோம். மீதியை இங்கே வாசகர்களுக்குச் சொல்லுகிறோம்.

1934-35 வருஷங்களில் நெய்வேலிக் கிராமத்தில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் பாசனத்துக்காகத் தம் நிலத்தில் துளைக் கிணறு இறக்கினார். தண்ணீர் வந்தது, கூடவே கரியநிறப் பொருளும் வந்தது. சேறென்று ஒதுக்கிவிடாமல் அவர் அதை விசாரித்தார். அது பழுப்பு நிலக்கரி என்று தெரியவந்தது. அன்னியர் சர்க்கார் காலத்திலேயே, 1943 முதல் 1946 வரையில், பூகர்ப்ப இலாகாவினர் துளையிட்டுப் பார்த்துக் கரிப்படுகை பெரிதென்று கண்டனர். ஆயினும் காரியம் வேகம் பெற்றது சுதந்திரத்துக்குப் பிறகுதான். முதன்மந்திரி காமராஜர் டில்லியை விடாமல் வற்புறுத்தினார். முதலியார் 600 ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தை வழங்கினார். 1956 நவம்பர் 14-ஆம் தேதி கம்பெனி பதிவாயிற்று. மறுவருஷம் மே 20-ஆம் தேதி பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

சுரங்கம் என்றதும் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டுக் குகையில் ஊர்ந்து செல்லும் மனிதர்களை நேயர்கள் நினைக்கலாம். நெய்வேலியில் அது இல்லை. மேலே கிடக்கும் மண்ணை முழுதும் அகற்றிவிட்டு வானத்தின் கீழேயே வெட்டுகிறார்கள். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைப் பெயர்க்க வேண்டும். இதற்காக ஜெர்மன் தேசத்திலிருந்து ராட்சச யந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், சக்கரத்தின் விளிம்பில் வாளிகள், பெரியவற்றில் ஒரு வாளிக்கு 1400 லிட்டர் கொள்ளும். ஐரோப்பாவின் மெத்தென்ற மண்ணைக் கருதிச் செய்த அந்த வாளிகளின் பற்கள், கடலூர் மணற்பாறையில் பட்டுத் தேய்ந்து போயின. பாறையை வெடிவைத்துத் தளர்த்தியும் பற்களை வேறு விதமாய் அமைத்தும் நம்மவர்கள் அந்த யந்திரங்களைத் தமிழ்நாட்டு மண்ணுக்குப் பழக்கினார்கள். அவ்வேலையில் நின்றவர்களில் ஏராளமானோர் அதுவரையில் மண்வெட்டியும் ஏர்க்காலும் அன்றி வேறு கருவி தொட்டறியாத சுற்றுப்புறத்து விவசாயிகள். இதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

மற்றொரு சத்துரு தண்ணீர். கரிப்படுகையின் அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. மேல் மண்ணை எடுத்துவிட்டால் அது அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பீறிடும். ஆகையால் சுற்றிலும் கிணறுகள் இறக்கி இரவு பகல் ஓயாமல் இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே கரியைத் தொட வேண்டும். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: 1975 டிசம்பர் 27-ஆம் தேதி தன்பாத் அருகிலுள்ள சாஸ்நாலாவில் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் பாய்ந்து 370 பேருக்கு மேல் மாண்டனர்.

1961 ஆகஸ்டு மாதத்தில் நெய்வேலிக் கரி முதல் முதலாக வெயிலைக் கண்டது. பழுப்புக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்; ரயிலேற்றித் தூரதேசம் அனுப்பினால் தண்ணீருக்குக் கூலி கொடுத்ததாகும். ஆகையால் சுரங்கத்தின் வாயிலிலேயே, சோவியத் ரஷ்யாவின் உதவியோடு, மின்சார நிலையத்தைக் கட்டினார்கள். 1962-ல் முதல் யந்திரம் ஓடிற்று. 600 மெகாவாட் வரையில் வளர்ந்து, 2020-ல் முதுமையடைந்து ஓய்வு பெற்ற அந்நிலையம் எத்தனை கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கை ஒழித்திருக்கும்! அதன் பிறகு எழுந்த நிலையங்கள் இன்றும் நடக்கின்றன.

இவ்வளவும் பாட புஸ்தகத்துக்கு ஏற்ற விஷயங்கள். நம் பையனுடைய கேள்வி பாட புஸ்தகத்துக் கேள்வியன்று. கரி கிடைத்த ஊரில் அண்ணன்மார்கள் வீட்டோடு இருக்கிறார்களா என்பதே அவன் கேட்டது.

ஒரு பகுதியினர் இருக்கிறார்கள். அகன்ற வீதிகளும், நிழல்தரும் மரங்களும், பள்ளிக்கூடங்களும், வைத்தியசாலையும் கொண்ட நகரியம் அவர்களுக்காக எழுந்தது. நிரந்தர உத்தியோகம், சேமநிதி, ஓய்வுக்காலப் பணம் எல்லாம் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளில் டாக்டர்களும் என்ஜினீயர்களும் பலர். 2013-ல் கம்பெனியின் பங்குகளில் ஒரு பகுதியை மத்திய சர்க்கார் விற்க முனைந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் அந்தப் பங்குகளைத் தமிழ்நாட்டுச் சர்க்காரின் ஸ்தாபனங்களே வாங்கிக்கொண்டன.

ஆனால் அதே வாயிலில், அதே வெயிலில், அதே கரித்தூளில் வேலை செய்யும் இன்னொரு வகுப்பார் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் என்று அவர்களுக்குப் பெயர். நிரந்தரத் தொழிலாளரின் தொகை சுருங்கச் சுருங்க இவர்களுடைய தொகை பெருகியது. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் செய்த கிளர்ச்சிகள் பல. 2014 மார்ச் 17-ஆம் தேதி, சுரங்கத்தின் அருகில், தொழிற்பாதுகாப்புப் படைச் சேவகர் ஒருவர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார். 2020-ல் இரண்டாவது மின்சார நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை கொதிகலன் விபத்து நேர்ந்தது. ஜூலை முதல் தேதி நடந்ததில் ஆறு பேர் அந்த இடத்திலேயே மாண்டனர். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டு போனவர்களையும் சேர்த்தால் பத்துக்கு மேல். இறந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். ஒரே கொதிகலனின் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு ஒரு கூலியும் மற்றவருக்கு வேறொரு கூலியும் என்பதற்கு என்ன நியாயம் சொல்வதென்று நமக்கு விளங்கவில்லை. நெருப்பு அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

நிலம் கொடுத்த குடிகளின் சங்கதி வேறு. நிலத்துக்கு ஈடாக வீட்டுக்கொரு நிரந்தர வேலை வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளையக் கோரிக்கை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் விடும் பருவத்து நெற்பயிரில் யந்திரங்களை இறக்கினார்கள். அந்த நிலம் முன்னமே பணம் கொடுத்து எடுத்ததுதான் என்றது கம்பெனி. இருக்கலாம். அறுவடைவரையில் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே கேள்வி பிறந்தது. பயிருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படியும் உத்தரவாயிற்று. சோறு தின்னும் ஜாதியில் பிறந்தவர்களுக்கு, பச்சைப் பயிரின்மேல் இரும்புச் சக்கரம் ஏறுவதைப் படத்தில் பார்ப்பதற்கே வயிறு கலங்கியது.

இதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, சற்றுச் சுருக்கி, ஆனால் ஒன்றையும் மறைக்காமல், சொன்னோம். கவனமாகக் கேட்டான்.

"அங்கே ஊர் இருந்த இடத்தில் இப்போது குழியா, ஐயா?"

"ஆம்."

"எவ்வளவு ஆழம்?"

"நம் பள்ளிக்கூடத்தை அடியில் வைத்து, அதன்மேல் இன்னும் பல பள்ளிக்கூடங்களை அடுக்கலாம்."

பையன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். கரி இல்லாமற் போனதற்கு வருந்தினானோ மகிழ்ந்தானோ, முகத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியவில்லை.

தை மாதத்தில் ஏழாம் வகுப்பை நெய்வேலிக்கு அழைத்துப் போவதாக இருக்கிறோம். பஸ் கட்டணத்துக்கு வீட்டில் கேட்டுவரச் சொன்னதும் முதலில் பெயர் கொடுத்தவன் அவன்தான். அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருவானாம். பஸ்ஸில் இடமிருந்தால் அவனையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். இடம் இருக்கிறது.