ஒரு புகைப்படம் மீட்ட திருமங்கை ஆழ்வார்: கும்பகோணத்துச் சிலை லண்டன் ஏலத்துக்குப் போனது எப்படி?

கும்பகோணத்திலிருந்து பாபநாசம் போகும் வழியில், சுவாமிமலையைத் தாண்டினால் சுந்தரப்பெருமாள் கோவில் என்ற ஊர் வரும். அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கை ஆழ்வார் செப்புத் திருமேனி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்தது. இதை இந்தியாவிடம் திருப்பித் தருவதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கவுன்சில் கடந்த 2024 மார்ச் 11-ஆம் தேதி ஆதரவு தெரிவித்தது. அதற்குப் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது.

சாமி எப்படி ‘அலங்காரப் பொருள்’ ஆச்சு?

மாளிகை வரவேற்பறைக்குப் பளிங்குச் சிலை, சரவிளக்கு, பழைய பிரெஞ்சு நாற்காலி என்று தேடி வாங்குவது ஐரோப்பியச் செல்வந்தர்களின் பழக்கம். இந்தப் பொருட்களை விற்கும் அதே ஏல நிறுவனங்கள்தான் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தன. ஏலத்தில் எடுப்பவருக்கு அது கலைப்பொருள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீதியில் புறப்பாடு போன உற்சவர் என்ற கேள்வியெல்லாம் அங்கே யாருக்கும் எழவில்லை. இதற்கு முன் எந்தச் சேகரிப்பாளரிடம் இருந்தது என்று சொன்னாலே போதும்.

திருமங்கை ஆழ்வார் விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஏறத்தாழ 60 செ.மீ. உயரம், கையில் வாளும் கேடயமும். 1967-ல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஆஷ்மோலியன் இதை வாங்கியது. டாக்டர் ஜே.ஆர். பெல்மான்ட் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து வந்தது என்பதே அதற்கிருந்த முன்கதை. நல்லெண்ணத்துடன்தான் வாங்கினோம் என்கிறது அருங்காட்சியகம்.

அப்புறம் எப்படித் தெரிஞ்சது?

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் படம் எடுத்துவைத்தது. லட்சத்துக்கும் அதிகமான படங்கள் அங்கே உள்ளன. 1957-ல் எடுத்த ஒரு படத்தில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குள் இதே ஆழ்வார் நிற்கிறார். தனிப்பட்ட முறையில் ஆய்வு செய்யும் ஒருவர் 2019 நவம்பரில் இதை அருங்காட்சியகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த மாதமே ஆஷ்மோலியன் தானாக முன்வந்து இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 2020 மார்ச்சில் இந்தியா முறைப்படி உரிமை கோரியது.

1957-ல் கோயிலில் இருந்த சிலை 1967-ல் லண்டனில் இருந்திருக்கிறது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில்தான் அது ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும். கோயிலில் இப்போது இருப்பது நகல் என்று தமிழக சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கூறியது. ஊர்க்காரர்கள் இத்தனை வருஷமும் கும்பிட்டது அந்த நகலைத்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டின் பழம்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு முன்பு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதன்படி மத்திய அரசின் உரிமம் வாங்காமல் பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே, ‘அது 1972-க்கு முன்னாடி போன சிலை’ என்பதால் கடத்தல் நியாயமாகிவிடாது.

சிக்கல் வெளிநாட்டில்தான். கடத்தல் பொருட்கள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. பிரிட்டன் அதில் சேர்ந்தது 2002-ல். 1967 ஏலத்தை அது கட்டுப்படுத்தாது. எனவே இதுபோன்ற வழக்குகளில் ஆதாரமும், பொருளை வைத்திருப்பவரின் மனமும்தான் பேசும்.

மனம் வராதபோது நீதிமன்றம்தான் வழி. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், கைமாறி லண்டனுக்குப் போய், 1982-ல் கனடா நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டார். சிதிலமடைந்த அந்த ஊர்க் கோயிலும் வழக்கில் ஒரு தரப்பாக நின்றது. இந்தியச் சட்டப்படி கோயில் தெய்வம் சொத்துரிமை கொண்ட சட்ட நபர். லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் கோயிலின் உரிமையை ஏற்றது. நடராஜர் திரும்பினார்.

உள்நாட்டில், சிலைத் திருட்டு வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் வழக்கில், நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது அந்த நீதிமன்றம்தான்.

திரும்பி வந்தா கோயிலுக்கே வருமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. மீட்கப்பட்ட திருமேனிகள் பல, பாதுகாப்பு கருதி கும்பகோணம், திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில்தான் வைக்கப்படுகின்றன. பூட்டும் காவலும் போதாத சிறிய கோயிலுக்கு மறுபடி அனுப்பினால் மறுபடி களவு போகலாம் என்பது அதிகாரிகளின் கவலை. ‘சாமி அலமாரியில இருக்கவா வந்துச்சு?’ என்பது பக்தர்களின் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உள்ளூர்க் கோயிலுக்குக் காவலும் கேமராவும் வந்தால்தான் இந்த இழுபறி தீரும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. சுந்தரப்பெருமாள் கோவிலுக்கு அதிர்ஷ்டம், யாரோ 1957-லேயே படம் எடுத்து வைத்திருந்தார்கள். கோயில் சொத்துப் பதிவேட்டில் ‘பெருமாள் சிலை ஒன்று, உயரம் இரண்டடி’ என்று மட்டும் இருந்தால், வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் அதே சிலை கண்ணெதிரே நின்றாலும் நம்முடையது என்று நிரூபிக்க முடியாது. முன்புறம், பின்புறம், பீடம், கீறல், தேய்மானம் எல்லாம் தெரியும்படி ஒவ்வொரு திருமேனிக்கும் அளவுகளோடு படம் வேண்டும். அதை எடுக்க வேண்டியது சிலை பத்திரமாக இருக்கும் இன்றைக்குத்தான். காணாமல் போன பிறகு எடுக்க முடியாது.