குலுக்கினால் மட்டும் நியாயமாகிவிடாது

2020 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்கள் சில, ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பின் ரசிகர்களுக்குத் திறக்கப்பட்டன. இரண்டாம் அடுக்குக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் ஓர் ஆட்டத்துக்கு 2,000 பேர் வரை அனுமதி. 60,000 பேருக்கு மேல் அமரக்கூடிய ஆர்சனல் மைதானத்துக்கும் அதே வரம்புதான். பருவச்சீட்டு வைத்திருப்போருள் யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்குப் பல கிளப்புகள் கண்ட விடை குலுக்கல்.

அவ்விடை தவறன்று. விலையை உயர்த்தியிருந்தால் வசதி படைத்தோர் மட்டுமே வந்திருப்பர். வெளியூர் ஆட்டங்களுக்குச் சென்றுவந்த கணக்கைப் பார்த்திருந்தால் விடுப்பும் பயணச்செலவும் கைகூடியோரே முந்தியிருப்பர். குலுக்கல் இவ்விரண்டையும் பார்ப்பதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கும் முறையில் ஒரு குறை மறைந்திருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு: பருவச்சீட்டு உடையோர் 28,000 பேர், ஆட்டத்துக்கு 2,000 இடங்கள், மொத்தம் 14 ஆட்டங்கள். எல்லோருக்கும் தலா ஒரு முறை இடமளிக்கப் போதுமான இருக்கைகள் உள்ளன. ஆனால் 14 முறை தனித்தனியே குலுக்கினால், ஒரு முறைகூட இடம் கிடைக்காதோர் சுமார் 35 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய 9,900 பேர். அவர்கள் இழந்த இடங்கள் வேறு சிலருக்கு இரண்டாம், மூன்றாம் வாய்ப்பாகப் போய்ச்சேரும். வாய்ப்பு சமம், விளைவு சமமன்று.

தீர்வு எளிது. ஒரே ஒரு முறை குலுக்கி வரிசையை அமைத்து, வரிசைப்படி அழைக்க வேண்டும். எல்லா ஆட்டங்களும் ஒன்றல்ல, உள்ளூர்ப் பகையணியுடனான ஆட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்று மறுக்கலாம். ஆனால் அந்த ஆட்டம் ஒருவருக்கு வாய்க்கும் நிகழ்தகவு இரு முறைகளிலும் 14இல் ஒன்றே. பாதியில் வாயில் மூடப்பட்டாலும் இம்முறை குலையாது. லண்டன் டிசம்பர் 16 அன்றே மூன்றாம் அடுக்குக்கு மாற்றப்பட்டு, அங்கு ரசிகர்களுக்குத் தடை திரும்பியது. அத்தகைய நிலையில் வரிசையை அப்படியே காத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்த சிக்கல் குடும்பங்கள். தந்தையும் மகளும் தனித்தனியே விண்ணப்பித்தால் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தில் இருவருக்கும் இடம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 196இல் ஒன்று. ஒருவர் பெயருக்கு விழுந்தால் குழுவுக்கே இடம் என்றால், ஆறு பேரும் தனித்தனியே விண்ணப்பித்துத் தம் வாய்ப்பைப் பெருக்கிக்கொள்வர். ஒரு குழுவுக்கு ஒரே சீட்டு, ஒருவர் பெயர் ஒரே குழுவில் என்ற விதி இரண்டையும் சரிசெய்யும்.

தனியாக வருவோரைப் பற்றியும் பேச வேண்டும். குழுக்களிடையே இரண்டு இருக்கைகள் காலியாக விடப்படுமாயின், தனியாள் ஒருவருக்கு மூன்று இருக்கைகள் செலவாகும். நால்வர் குடும்பத்துக்குத் தலைக்கு ஒன்றரை மட்டுமே. எனவே குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவது சிக்கனம் என்பர். இடமே தட்டுப்பாடாக இருக்கும் அரங்கில் அவ்வாதம் செல்லும். 60,000 இருக்கைகளில் 2,000 பேர் அமரும்போது தட்டுப்பாடு இருக்கையில் இல்லை, அனுமதி எண்ணிக்கையில்தான் உள்ளது. அங்கே தனியாளைப் பின்தள்ள எந்தக் காரணமும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வர இயலாது என்று சொல்லும் உரிமை. காய்ச்சல் கண்டவர் தம் முறையை விட்டுக்கொடுத்தால் அது நிரந்தரமாகப் பறிபோகும் என்றிருந்தால், அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரவே முனைவார். உடல்நலம் கருதி விலகியவருக்கு அடுத்த சுற்றில் முதலிடம் தரும் விதி கருணையன்று, தொற்றுத்தடுப்பு.

இந்தியன் சூப்பர் லீகின் 2020-21 பருவம் கோவாவில் ரசிகர்களின்றி நடந்ததால் இக்கேள்வி அங்கு எழவில்லை. ஆனால் விடுதி அறைகளையும் நூலக இருக்கைகளையும் பங்கிடும் பல்கலைக்கழகங்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். முன்பு இடம் கிடைக்காதவர் யார் என்பதை நினைவில் வைத்திராத குலுக்கல், பாரபட்சமற்றதாக இருக்கலாம், நியாயமானதாக இராது.